நவம்பரில் வாருங்கள்

1

இந்தக் கதையை நான் எழுதவேண்டுமென்று நாட்டில் யாரும் காத்துக் கிடக்கவில்லை. ஒரே ஒருத்தி வந்து கேட்டாள். அவளும் பொய்யாக எழுதச் சொல்லித்தான் கேட்டாள்.

ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன். லா பாஸ் நகரத்தில் நான் வேலை பார்க்கும் பத்திரிகை அலுவலகம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் உண்டு, அதற்குள் பழைய பேப்பர் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறோம். அந்த அம்மாள் படியேறித்தான் வந்தாள். மூச்சு வாங்கவில்லை. மேட்டுச் சமவெளியிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு மூன்றாம் மாடியும் பள்ளம்தான். முதுகில் கட்டியிருந்த கோடுபோட்ட கம்பளித் துணியை அவிழ்த்து என் மேசைமேல் விரித்தாள். உள்ளே கறுத்துச் சுருங்கிய கட்டிகள். நாற்றத்தில் விளையாட்டுப் பக்கத்துக்காரர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

"இது என்னான்னு தெரியுதாங்கய்யா?"

தெரியாமலென்ன, பல் முளைத்த நாளிலிருந்து தின்கிறேன். ஜூன் மாத உறைபனியில் மூன்று நான்கு இரவுகள் தரையில் பரப்பி, காலையில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் உலர்த்திய உருளைக்கிழங்கு. பத்து வருடம் கெடாது. "சுன்யோ," என்றேன்.

"சுன்யோவா ஆயிருக்க வேண்டியது," என்றாள். "மழையில நனைஞ்சு போச்சு."

பிறகுதான் பெயரைச் சொன்னாள். விலாமர்க்கா ஊர் எவ்செபியா. நெலிதா லாருத்தாவின் தாய். அந்த இரண்டாவது பெயரைக் கேட்டதும் நான் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடி போட்டு, மறுபடி மூடியைக் கழற்றினேன்.

"ஞாயித்துக்கிழமைப் பேப்பர்ல சிரிக்கச் சிரிக்க எழுதுறது நீங்கதானே?"

ஒப்புக்கொண்டேன். இருபத்துமூன்று வருடமாக வேறு எதுவும் செய்ததில்லை.

"என் மக அந்தக் குழலை ஊதலைன்னு எழுதுங்க."

"அம்மா, அந்தப் பொண்ணு ஊதினா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"ஊதினான்னு எனக்கும் தெரியும். ஊதலைன்னு எழுதச் சொல்லத்தான் மூணு பஸ் மாறி வந்திருக்கேன்."

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் ஊரில் சபை கூடுகிறது. அடுத்த விதைப்புக்கான நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துப் பெயர் வாசிப்பார்கள். எவ்செபியாவின் பெயரை வாசிப்பதா, தாண்டிப்போவதா என்பது அன்றைக்குத் தீர்மானமாகும். அதற்குமுன் என் பத்தியை அங்கே உரக்கப் படிப்பார்களாம். பேப்பர் சனிக்கிழமை நான்கு மணிக்கு அச்சுக்குப் போகிறது. இப்போது வெள்ளிக்கிழமை. எழுத்தாளன் எழுத முடியாமல் தவிப்பதைப் பற்றிய எழுத்துகளை முப்பது தடவையாவது கிண்டல் செய்திருக்கிறேன். கிண்டல் செய்யப்பட்ட அத்தனை பேரும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்திச் சிரித்துக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: 'காற்று தனக்கான துளையைத் தேடி அலையும் தருணத்தில்தான் இசை…'

(அடித்துவிட்டேன். வேறொருவர் இப்படி எழுதியிருந்தால் அவரை ஒரு வாரம் தூங்கவிட்டிருக்க மாட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: 'பனி மூடிய விலாமர்க்காவின் ஏழை மாணவி ஒருத்தி, கண்களில் கனவுகளோடு…'

(இதுவும் போச்சு. ஏழை என்று நெலிதாவிடம் யாராவது சொன்னால், "யாரு பக்கத்துல நிக்க வெச்சுப் பாத்தீங்க?" என்று கேட்பாள். கேட்டும் இருக்கிறாள், என்னிடமே.)

மூன்றாம் தொடக்கம்: 'ஆர்கிடெக்ட் ரோலந்தோ இத்துரால்தே தன் வாழ்நாளில் ஒரே ஒரு கட்டடம் கட்டினார். அதை இடித்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன.'

இது நன்றாக இருக்கிறது. இதற்கடுத்து அவருடைய கழுத்துத் துண்டைப் பற்றி நான்கு வரி எழுதினேன். அதுவும் நன்றாக வந்தது. அவர் 'வெளி' என்ற சொல்லைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் அகல விரித்து, பக்கத்தில் நிற்பவரின் கோப்பையைத் தட்டிவிடுவதைப் பற்றி எழுதும்போது நானே சிரித்தேன். அப்போதுதான் சந்தேகம் வந்தது. இப்படித் தொடங்கினால் கதை முழுக்க அவர் நடுவில் நின்று அடி வாங்குவார். அவர் முதுகுக்குப் பின்னால் நான் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளலாம். தொடக்கம் நன்றாக இருந்ததற்கு அதுதான் காரணமோ என்னவோ.

அந்த நான்கு வரியையும் வெட்டிவிட்டேன். (கோப்பையைத் தட்டிவிடுவதை மட்டும் விட மனம் வரவில்லை. மேலே இருக்கிறது.)

3

கண்காட்சிக்குப் பெயர் 'காற்றின் கட்டடக்கலை'. மூடிப்போன பியர் கிடங்கு ஒன்றில் ஜூன் மாதம் முதல் இரண்டு வாரம் நடந்தது. ஆர்கிடெக்ட்தான் அமைப்பாளர். உலகத்தில் இல்லாத இசைக்கருவிகளையெல்லாம் அங்கே கூட்டி வைத்திருந்தார். கதவைத் திறந்தால் நரம்புகள் அதிரும் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று. மினிபஸ்களிலிருந்து கழற்றிய நாற்பது ஹாரன்களைச் சட்டத்தில் பொருத்திக் காலால் மிதித்து ஒலிக்கவைக்கும் ஏற்பாடு ஒன்று. வாசலுக்கு வெளியே தெருவில் அதே இசை இலவசமாகக் கிடைத்தது. சுவரின் விரிசலில் காதுக்குழாய் வைத்துக் கேட்கும் ஒன்று. அதில் நான் கேட்டது பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியை.

நெலிதா லாருத்தா கலைப் பள்ளியில் சிற்பம் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. கண்காட்சி தொடங்க இரண்டு வாரம் முன்பே பொருட்களைத் துடைக்கவும் ஆணி அடிக்கவும் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் அந்தக் கருவிகளைப் பார்த்த விதம் எங்கள் யாருடையதும் போல இல்லை. நாங்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துப் பார்த்தோம். அவள் ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று பார்த்தாள். ஹாரன்களுக்கு முன்னால் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து, இரண்டு மட்டும் தன் வழித்தடத்து வண்டியுடையவை என்று குரலை வைத்தே கண்டுபிடித்தாள். ஃபிரிட்ஜைச் செய்த வெளிநாட்டுக் கலைஞரிடம், முன்னே இதற்குள் என்ன வைத்திருந்தார்கள் என்று கேட்டாள். மௌனம் என்றார் அவர். "மீன் வாசம் அடிக்குதே," என்றாள் நெலிதா. கேலியாக இல்லை; உதவி செய்கிற குரலில்.

அவளை நிறுத்தியது ஒன்றே ஒன்று. இரட்டை வயிற்று மண்குடம். பழங்காலத்துப் பாணியில் புதிதாகச் செய்தது. உள்ளே தண்ணீர் ஊற்றிச் சாய்த்தால், நீர் ஒரு வயிற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது உள்ளிருக்கும் காற்று விசில் அடிக்கும். அதை மூன்று நாள் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாளாம். "தண்ணி போனாத்தான் இது வாயைத் திறக்குது. எங்க ஊருது மாதிரியே," என்று காவலாளியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆர்கிடெக்ட் அதைக் கேட்டுவிட்டார். உடனே கையை விரித்தார். மண்ணின் மகளும் ஒரு படைப்பு வைக்கவேண்டும் என்றார். மறுவாரம் அவள் ஊரிலிருந்து தன் குழலைக் கொண்டுவந்தாள். பிங்கில்லு என்பார்கள், முழங்கை நீளத்து மரக்குழல், ஆறு துளை. அதை வெளியே எடுக்கவே இல்லை. கம்பளித் துணியில் சுற்றி, கயிற்றால் மூன்று கட்டு கட்டி, ஆணியில் மாட்டினாள். கீழே ஒரு அட்டை. அதில் அவள் கையெழுத்தில் இரண்டு சொல்:

நவம்பரில் வாருங்கள்.

ஆர்கிடெக்டுக்குப் புரியவில்லை. "அவிழ்த்துக் காட்டு கண்ணு," என்றார். இப்போது முடியாது என்றாள். அது மழைக்காலத்துக் குழல். நவம்பரில் இறந்தவர்களின் நாளன்று அவிழ்த்தால் பிப்ரவரியில் வரும் கார்னிவல் திருவிழா வரைக்கும் ஊதலாம், மழை அந்தக் குரலைக் கேட்டு வரும். பிறகு துணியில் சுற்றிவிடவேண்டும். ஜூனில் கிழங்கு தரையில் கிடக்கும், உறைபனி மட்டும்தான் வரவேண்டும். அப்போது மழையைக் கூப்பிடக்கூடாது. சிவப்பு விளக்கு எரியும்போது ஏன் தெருவைக் கடக்கக்கூடாது என்று குழந்தைக்குச் சொல்வதைப் போல இதைச் சொன்னாள்.

அந்தக் கிடங்கில் இருந்த எழுபத்தோரு பொருட்களில் பொய் இல்லாதது அது ஒன்றுதான். இதை இன்றைக்குச் சொல்கிறேன்.

4

(இந்தப் பகுதியின் முதல் வடிவத்தில் 'கண்காட்சியின் கடைசி நாளன்று ஆர்கிடெக்டின் வற்புறுத்தல் தாங்காமல் நெலிதா குழலை அவிழ்த்தாள்' என்று எழுதியிருந்தேன். வாசிக்க இதமாக இருந்தது. ஒரு எழுத்துகூட உண்மையில்லை.)

நான் கண்காட்சிக்குப் போனேன், கேலி செய்ய விஷயம் கிடைத்தது என்று மகிழ்ந்தேன், எழுதினேன். ஜூன் மாதத்து முதல் ஞாயிறு. ஃபிரிட்ஜுக்கு ஒரு பத்தி, ஹாரனுக்கு ஒரு பத்தி, ஆர்கிடெக்டுக்கு இரண்டு. கடைசிப் பத்தியை இங்கே அப்படியே தருகிறேன். தலைப்பு உட்பட இந்தக் கதையில் எல்லாமே இரவல்; இரவல் வாங்காத ஒரே பொருள் இதுதான்:

'உச்சம், ஆணியில் தொங்கும் ஒரு பொட்டலம். கீழே நவம்பரில் வரச்சொல்லி அட்டை. எங்கள் அரசு அலுவலகங்களின் மூடிய சன்னல்கள் எல்லாம் இத்தனை காலமாகக் கலையாகத்தான் இருந்திருக்கின்றன. நாம்தான் ரசிக்கத் தெரியாமல் வரிசையில் நின்று திட்டியிருக்கிறோம். மழைக்குப் பயந்த குழலை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஊதத் தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது.'

நகரம் சிரித்தது. என் மைத்துனர் ஃபோன் செய்து கடைசி வரியை எனக்கே படித்துக் காட்டினார். கலைப் பள்ளியில் நெலிதா படியேறும்போதெல்லாம் மேலேயிருந்து எவனாவது, "நெலிதா, நவம்பர் வந்தாச்சா?" என்பானாம். இதை எனக்குச் சொன்னது அவளல்ல, அந்தக் காவலாளி.

கடைசி நாள், ஜூன் பதினான்கு, மாலை நான்கு மணி. நானும் போயிருந்தேன். புகழைப் பார்க்க ஆசை. அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்கதானா சார் அது?"

நான்தான் என்றேன். கொஞ்சம் தலையைக் குனிந்து, பாராட்டை ஏற்கிற பாவனையில்.

"ஊதத் தெரியாதுன்னு எழுதியிருந்தீங்க."

பொதுவாகச் சொன்னது, நகைச்சுவை என்று ஏதோ முனகினேன். அவள் அதற்குள் போய்விட்டாள். தரை துடைக்கிற வாளியில் புதிதாகத் தண்ணீர் பிடித்து வந்தாள். மூன்று கட்டையும் அவிழ்த்தாள். கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தாள் என்பது நினைவிருக்கிறது. உலர்ந்த மரம் விரிசல் விட்டிருந்தது. குழலைத் தண்ணீரில் அமிழ்த்தி, மரம் ஊறி விரிசல் மூடும்வரைக்கும் வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரம் இருக்கும். ஆர்கிடெக்ட்கூடக் கையை விரிக்கவில்லை. பிறகு எழுந்து, குழலைத் தட்டி நீரைச் சிந்திவிட்டு, ஊதினாள்.

அந்தக் குரல் எப்படி இருந்தது என்று

(இந்த வாக்கியத்தை வியாழக்கிழமையிலிருந்து முடிக்கப் பார்க்கிறேன். கேலி செய்ய என்னிடம் ஆயிரம் உவமை இருக்கிறது. இதற்கு ஒன்றுமில்லை. விட்டுவிடுகிறேன்.)

நான்கு நிமிடம். ஏழெட்டுப் பேர் ஃபோனில் பதிந்தார்கள். முடிந்ததும் அவள் என்னைப் பார்த்தாள்.

"போதுமா சார்?"

நான் கைதட்டினேன். ஆமாம், கைதட்டினேன்.

5

ஜூன் பதினேழாம் தேதி விலாமர்க்காவில் மழை பெய்தது. இரண்டு பகல், ஒரு இரவு. ஜூனில் அங்கே மழை பெய்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. நாற்பது குடும்பங்களின் கிழங்கு பாதி உறைந்து வெளியில் பரப்பிக் கிடந்தது. உறைந்தது இளகி, இளகியது அழுகி, முடிந்தது. ஒரு வருடச் சோறு அது.

வானிலை அலுவலகத்தில் கேட்டேன். தெற்கிலிருந்து வழக்கத்துக்கு மாறாக ஈரமான காற்று மேலேறியதாம். அம்புக்குறி போட்ட வரைபடம்கூடக் கொடுத்தார்கள். நான் நம்புகிறேன். நான் அறிவியலை நம்புகிற ஆள். அந்த வரைபடத்தை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். தினமும் ஒருமுறை எடுத்து அம்புக்குறி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

6

எவ்செபியாவோடு புதன்கிழமை விலாமர்க்கா போனேன். அழுகிய மூட்டையை அவள் திரும்பவும் முதுகில் கட்டிக்கொண்டாள். எங்கள் அலுவலகக் குப்பையில் போட அவளுக்கு மனமில்லை.

இந்த வருடம் ஊர்த்தலைமை முறை ஃப்லோரென்சியோ கெல்கா என்பவருக்கு. அறுபது வயதிருக்கும். தோளில் குறுக்கே பின்னிய சாட்டை, அது பதவியின் அடையாளம். சட்டைப் பையில் ரப்பர் முத்திரை, அதுதான் பதவி. வாங்க சிரிப்புக்காரரே என்று வரவேற்றார். சுவரோரம் வெயிலில் உட்காரவைத்து, தட்டில் வேகவைத்த கிழங்கும் பாலாடைக்கட்டியும் கொடுத்தார். "சுன்யோ இல்லைங்க. மன்னிக்கணும்," என்றார். முகத்தில் சிரிப்பில்லை. தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன், அதைவிட நன்றாக என்னை யாரும் குத்தியதில்லை.

ஃபோனை எடுத்து, கைமாறி அவருக்கும் வந்திருந்த பதிவை ஓடவிட்டார். நெலிதாவின் நான்கு நிமிடம். கேட்டுக்கொண்டே விரல் முழங்காலில் தாளம் போட்டது, கவனித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஒவ்வொரு வருடமும் மழைக்காலத்தில் ஊர்க்காரர்கள் மலைக்குப் பின்னாலிருக்கும் அருவியிடம் போய் அந்த வருடத்துக்கான புது மெட்டை வாங்கி வருவார்களாம். நீருக்குள் இருப்பவள் தருவாள். பழைய மெட்டை மறுவருடம் ஊதுவதில்லை. ஃபோனில் இருப்பது இந்த வருடத்து மெட்டு. இந்தக் கார்னிவலில் இங்கே ஆடியவர்களைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"வேற யாரோ ஊதினாங்கன்னு உங்க பேப்பர் சொல்லட்டும். நாங்க கேட்டுக்கறோம். ஆனா எங்களுக்குத் தெரியாதுன்னு மட்டும் நினைச்சுராதீங்க."

"தெரியும்னா அப்புறம் பேப்பர் எதுக்குங்க?"

"எழுதி வெக்க." பக்கத்திலிருந்த தடித்த தீர்மானப் புத்தகத்தைத் தட்டினார். "எவ்செபியா எனக்கு அத்தை மக. அவ நிலத்தைப் பிடுங்கி நான் என்ன செய்யப்போறேன்? ஆனா நாப்பது வீட்டுல பசி. ஏன் மழை வந்துச்சுன்னு இதுல ஒரு வரி விழணும். விழாம புது நிலத்தைப் பிரிக்கக் கூடாது."

புத்தகத்தில் இரண்டு விதமாக எழுதலாம் என்றார். ஊதியது வேறு ஆள் என்று எழுதலாம். அச்சடித்த பேப்பர் ஆதாரம். இல்லாவிட்டால், ஊதியவள் இந்த ஊர்க்காரி இல்லை என்று எழுதலாம். அதற்கு எவ்செபியா சபை நடுவில் நின்று தனக்கு மகள் இல்லை என்று சொல்லவேண்டும். சொன்னால் நிலம் உண்டு.

நான் ஊதினேன் என்று எழுதினால் என்ன என்று கேட்டேன். வீரமாகத்தான் கேட்டேன்.

ஃப்லோரென்சியோ என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஊதினா ஈகூட நகராது," என்றார். "நம்பற மாதிரி ஒரு பொய் குடுங்க."

7

நம்பக்கூடிய பொய்யைத் தேடி ஆர்கிடெக்டிடம் போனேன். அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். மறுப்பார், கத்துவார், வழக்குப் போடுவேன் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். கைகள் விரிந்தன. (என் காபி.)

"நான் ஊதினேன், மழை வந்துச்சு. இது நிகழ்த்துகலைங்க. முப்பது வருஷமா நான் தேடுன வெளி இதுதான்."

ஞாயிற்றுக்கிழமை கேமராவோடு விலாமர்க்காவுக்கு வரத் தயார் என்றார். சபையில் மன்னிப்புக் கேட்கவும் தயார்; மன்னிப்பும் படைப்பின் ஒரு பகுதியாம். அடுத்த வருடம் வெளிநாட்டில் ஒரு பெரிய கண்காட்சி இருக்கிறது, படைப்புக்குப் பெயர் 'மழை' என்று வைக்கலாமா, 'தலையீடு' என்று வைக்கலாமா என்று என்னிடமே யோசனை கேட்டார். அந்தக் கறுத்த கிழங்கில் ஒரு மூட்டை கிடைக்குமா என்றும் கேட்டார். கண்ணாடிப் பெட்டியில் வைக்க.

ஆக, பொய் தயார். பெயர், சம்மதம், கழுத்துத் துண்டு எல்லாம் தயார். எவ்செபியாவுக்கு நிலமும் கிடைக்கும், மகளும் மிஞ்சுவாள். கதையை இங்கேயே முடித்திருக்கலாம். முடித்தும்விட்டேன்: வியாழக்கிழமை காலை, எண்ணூறு சொல், நல்ல நடை. கையெழுத்துப் போடும்முன் ஒருத்தியிடம் காட்டவேண்டும் என்று தோன்றியது. தோன்றாமல் இருந்திருக்கலாம்.

8

நெலிதா கலைப் பள்ளிக்குப் போவதில்லை. எங்கள் நகரத்துக்கு மேலே இருக்கும் எல் ஆல்தோவில் ஒரு தையல் கூடத்தில் பள்ளிச் சீருடைக்குக் காலர் தைக்கிறாள். பதினான்கு மெஷின்கள் ஒரே நேரத்தில் ஓடின. நான் போனபோது ரேடியோவும் ஓடியது. ஆர்கிடெக்ட் பார்த்திருந்தால் அதற்கும் பெயர் வைத்திருப்பார்.

சாப்பாட்டு இடைவேளையில் வாசல்படியில் உட்கார்ந்து என் எண்ணூறு சொல்லைப் படித்தாள். நூல் பிசிறு ஒட்டிய விரலால் வரி வரியாகத் தொட்டு. முடித்துவிட்டுக் காகிதத்தை நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். வேண்டாம்."

உன் அம்மாவுக்கு நிலம் கிடைக்கும் என்றேன். தெரியும் என்றாள். நீயும் ஊருக்குப் போகலாம் என்றேன். விரலில் ஒட்டிய பிசிறைப் பிய்த்துப் போட்டாள். அப்புறம் நான் செய்யக்கூடாததைச் செய்தேன்: வானிலை வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். உன்மேல் தப்பே இல்லை, பார், அம்புக்குறி என்று.

அவள் அதையும் மடித்தாள்.

"ரெண்டு வருஷம் அந்த ஸ்கூல்ல களிமண்ணு, கம்பி, பிளாஸ்டர் எல்லாத்துலயும் செஞ்சேன் சார். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. பாத்தாங்க, நல்லாருக்குன்னாங்க, போனாங்க. அந்தக் கிடங்குல இருந்த எதுனாலயும் எவனுக்கும் ஒண்ணும் ஆகலை. நான் ஊதினது ஒண்ணுதான் போய்ச் சேந்துச்சு. நாப்பது வீட்டுச் சோத்தை அழிச்சுச்சு. எங்கம்மா வயித்துல அடிச்சுச்சு. அதை நான்தான் செஞ்சேன். நீங்க ஒரு படம் குடுத்து அது நான் இல்லைங்கறீங்க. இல்லாட்டி அந்தக் கழுத்துத் துணிக்காரருக்குத் தூக்கிக் குடுக்கறேங்கறீங்க. நான் ஊதலைன்னா எனக்கு என்ன மிச்சம்? காலர்தான்."

குரலை உயர்த்தவில்லை. உள்ளே மெஷின்கள் நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"நான்தான் ஊதினேன்னு எழுதுங்க. எனக்கு அந்த ஊர் இல்லைன்னும் எழுதுங்க. அம்மாவுக்கு நிலம் குடுத்துருவாங்க."

"உங்கம்மா சபையில நின்னு அப்படிச் சொல்லணுமே."

"சொல்லாது," என்றாள். "அதான் பேப்பர்ல வரணும். பேப்பர்ல வந்துட்டா அது வாயால சொல்லவேண்டாம்."

மணி அடித்தது. எழுந்துகொண்டாள். குழல் எங்கே என்று கேட்டேன். துணியில் சுற்றி வைத்திருக்கிறாளாம். நவம்பரில் அவிழ்ப்பாயா என்றதற்கு, எங்கே நின்று ஊதுவது என்று கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

(இந்த இடத்தில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று வாசகர் கேட்கலாம். கேட்கலாமென்றுதான் போயிருந்தேன். மெஷின் சத்தம் தொடங்கிவிட்டது.)

9

இப்போது சனிக்கிழமை. மணி மூன்றரை. அச்சுக்கூடத்திலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

என் மேசையில் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்றில் ஆர்கிடெக்ட் ஊதுகிறார். தாய்க்கு நிலமும் மகளும், மகளுக்குக் காலர், மழை கண்ணாடிப் பெட்டிக்குள். இன்னொன்றில் நெலிதா ஊதுகிறாள். மழை அவளுடையது, நிலம் தாயுடையது, அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் யாரும் இல்லை. முதல் கதையைத் தாய் கேட்டாள், இரண்டாவதை மகள் கேட்டாள். இரண்டிலும் நான் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மூன்றாவதாக ஒன்று எழுதிப் பார்த்தேன்: 'ஊதத் தெரியாது என்று ஒரு முட்டாள் எழுதியதால்தான்…' என்று தொடங்கும். உண்மைதான். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஊதியவர் யார் என்பதுதான் கேள்வி, ஊதவைத்தவர் யார் என்பதல்ல. எழுதுகிறவனுக்கு எங்கள் நாட்டில் இப்படி ஒரு வசதி உண்டு.

இந்தக் கதையையே கம்பளித் துணியில் சுற்றி, மூன்று கட்டு கட்டி, கீழே அவளுடைய அட்டையை மாட்டிவிடலாம் என்றும் தோன்றியது. அழகான முடிவு. அதைச் செய்ய இந்த நகரத்தில் உரிமை இல்லாத ஒரே ஆள் நான்.

ஆகவே பின்வரும் வரியை இப்படியே அச்சுக்கு அனுப்புகிறேன்:

'ஜூன் பதினான்காம் தேதி மாலை அந்தக் கிடங்கில் மழைக்குழலை ஊதியவர் ____________.'

இதை வாசகரின் சுதந்திரம் என்று யாரும் புகழ வேண்டாம். இது கோழைத்தனம். வேறொருவர் செய்திருந்தால் அடுத்த ஞாயிறே கிழித்திருப்பேன். ஆனால் நாளைக் காலை பத்து மணிக்கு விலாமர்க்கா சபையில் யாரோ ஒருவர் எழுந்து இதை உரக்கப் படித்தாக வேண்டும். அது நீங்களாகத்தான் இருக்கப்போகிறீர்கள். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். அந்தக் கோடு வந்ததும் நிறுத்த முடியாது. நாற்பது வீட்டுக்காரர்கள் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். ஃப்லோரென்சியோ பேனாவைத் திறந்து வைத்திருப்பார்.

முன்வரிசையில் எவ்செபியா இருப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.